பழைய லேப்டாப்பில் ஓப்பன் ரெயில்ஸ்: வேகம் எங்கே அடைபடுகிறது?

ஐ5-2410எம் சிப், 4 ஜிபி ரேம், இன்டெல் ஹெச்டி 3000 கிராபிக்ஸ், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். 2011, 2012 வாக்கில் வந்த நடுத்தர லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் இருந்தது. அப்படி ஒன்று இன்னும் வீட்டில் ஓரமாகக் கிடந்தால், கணினித் திரையில் ரயில் ஓட்டிப் பார்க்க அதுவே போதும். டிரெயின் சிம் வேர்ல்ட் என்ற ரயில் விளையாட்டின் பக்கம் மட்டும் போக வேண்டாம். அது அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு நிரல்தளத்தின் மேல் எழுப்பப்பட்டது, இந்த வகைக் கணினியை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஓப்பன் ரெயில்ஸ் அப்படியில்லை.

2001-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டரின் ரூட், எஞ்சின், பெட்டிக் கோப்புகளை அப்படியே படித்து, புதிய நிரலில் ஓட்டிக் காட்டுவது ஓப்பன் ரெயில்ஸ். திறமூலம், இலவசம், தன்னார்வலர்கள் பராமரிப்பது. அது படிக்கும் கோப்புகள் பலவும் 2001-ஆம் ஆண்டுக் கணினியின் வரம்புகளுக்குள் செய்யப்பட்டவை என்பதே நமக்குச் சாதகம். விண்டோஸில் படம் வரைய உதவும் டைரக்ட்எக்ஸ் நிரலை ஹெச்டி 3000 அதன் 10.1 பதிப்பு வரை அறியும். அதுவே இதற்குப் போதும்.

படம் திக்கினால் பலரும் முதலில் செய்வது ரெசல்யூஷனைக் குறைப்பது. ரயில் சிமுலேட்டரில் அது பெரும்பாலும் பயன் தராது. ஒரு சுடுதல் விளையாட்டில் ஓர் அறை, நான்கு பேர், நிறைய ஒளி வித்தை. ரயில் ரூட்டிலோ ஆயிரக்கணக்கான சிறு பொருள்கள்: கம்பம், வேலி, மரம், சிக்னல், தண்டவாளத் துண்டு, ஓட்டு வீடு. ஒவ்வொன்றும் எளிமையானதுதான். ஆனால் ஒவ்வொன்றையும் வரையச் சொல்லி கிராபிக்ஸுக்குத் தனித்தனியாகக் கட்டளை போக வேண்டும், அந்தக் கட்டளைகளைத் தயாரிப்பது சிபியு. திரையில் புள்ளிகளைக் குறைத்தால் கட்டளைகளின் எண்ணிக்கை குறையாது. ஆகவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். சிபியு, கிராபிக்ஸ், டிஸ்க், ரேம், சூடு ஆகிய ஐந்தில் ஒன்று. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

கண்டுபிடிப்பது எப்படி

எல்லாச் சோதனைகளையும் ஒரே இடத்தில், ஒரே நிலையில் செய்யுங்கள். எக்ஸ்ப்ளோர் ரூட் முறையில் ஒரு எஞ்சின், ஐந்து பெட்டி, பகல் நேரம், தெளிவான வானம், ஒரு நடுத்தர ஸ்டேஷன். இந்த முறையில் வேறு ரயில்கள் குறுக்கே வராது, அதனால் எண்கள் நிலையாக இருக்கும்.

எஃப்5 அழுத்தினால் திரையில் விவரங்கள் வரும். ஷிஃப்ட்டுடன் எஃப்5 அழுத்த அழுத்த அடுத்தடுத்த பக்கங்கள். கடைசியில் வரும் டீபக் பக்கம்தான் நமக்கு வேண்டியது. அதில் ரெண்டர், அப்டேட்டர், லோடர், சவுண்ட் என்று நான்கு வேலைகளின் சதவீதம் தெரியும். ரெண்டர் படத்தை வரைவது. அப்டேட்டர் ரயிலின் இயற்பியலையும் சிக்னலையும் மற்ற ரயில்களையும் கணக்கிடுவது. லோடர் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுப்பது. நான்கும் தனித்தனி இழைகள். 2410எம்-இல் கோர்கள் இரண்டே என்பதால் இவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் ஓடும்.

லோடர் எப்போதாவது ஏறி இறங்கினால் இயல்பு, நெடுநேரம் 100-ஐ ஒட்டியே நின்றால் டிஸ்க் தாமதம். ஆக்டிவிட்டி, அதாவது முன்பே எழுதிவைத்த ஓட்டம், ஒன்றை ஓட்டும்போது அப்டேட்டர் ஏறி நின்றால் அதில் ரயில்கள் அதிகம். பெரும்பாலும் காண்பது ரெண்டர் 100-ஐ ஒட்டி நிற்பதுதான். அப்போது அமைப்புகளில் விண்டோ அளவை 1366×768-இலிருந்து 1024×576-க்கு மாற்றி, அதே இடத்தில் மறுபடி பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 44 சதவீதம் குறைகிறது. பிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை, நன்றாக ஏறினால் திணறுவது கிராபிக்ஸ். அப்படியே நின்றால் சிபியு. அப்படியானால் ரெசல்யூஷனைப் பழையபடி வைத்துக்கொள்ளலாம், படத்தின் தெளிவை வீணாக இழக்க வேண்டாம்.

ஒரு நிமிடம் நன்றாக ஓடி, பத்து நிமிடம் கழித்து மெல்ல மெல்லச் சரிந்தால் அது சூடு. சீராக ஓடிக்கொண்டே இருந்து திடீரென அரை நொடி உறைந்து மறுபடி ஓடினால் டிஸ்க் அல்லது ரேம்.

எத்தனை பிரேம் வேண்டும் என்று கேட்டால், நொடிக்கு 25 முதல் 30 போதும் என்பேன், சீராக வந்தால். சரக்கு ரயிலின் ஏர் பிரேக் கடைசிப் பெட்டி வரை பிடிக்கவே பல நொடிகள் ஆகும்; 60 பிரேம் அதில் எதையும் மாற்றாது. உறைதல்தான் ஓட்டத்தைக் கெடுக்கும். பிரேக் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது படம் அரை நொடி நின்றால், விசையை விட்ட செய்தி தாமதமாகப் போய்ச் சேரும், அதற்குள் பிரேக் தேவைக்கு மேல் இறங்கியிருக்கும்.

அடைப்பு சிபியுவில் என்றால்

முதலில் வியூயிங் டிஸ்டன்ஸ். இயல்பாக 2000 மீட்டர். நாம் பார்ப்பது ஒரு விசிறி வடிவப் பரப்பு, அது தூரத்தின் வர்க்கத்தில் வளரும். 1200 ஆக்கினால் பரப்பு 36 சதவீதமாகச் சுருங்கும். 2000-த்திலிருந்து 1200-க்கு இறங்குவது தரும் பலனை இந்தப் பட்டியலில் வேறு எந்த ஒற்றை மாற்றமும் எளிதில் தராது. 1000-க்குக் கீழே போக வேண்டாம், தூரத்துச் சிக்னல் கண்ணில் படும்போது பிரேக் போட நேரம் இருக்காது. டிஸ்டன்ட் மவுண்டன்ஸ் என்பது தனி. அது வெறும் நிலவடிவத்தை மட்டும் தொலைவில் வரையும், பாரம் குறைவு. மலை ரூட்டுகளில் அதை விட்டுவைக்கலாம், அடிவானம் வெறுமையாகிவிடாது. பொருள்களின் பார்வைத் தூரத்தை அடிவானம் வரை நீட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது டைனமிக் ஷேடோஸ். நிழல் விழ வேண்டுமென்றால் சூரியன் இருக்கும் திசையிலிருந்து காட்சியை மறுபடி மறுபடி வரைந்து பார்க்க வேண்டும், அத்தனைக்கும் தனிக் கட்டளைகள். டீபக் பக்கத்தில் ஷேடோ பிரிமிட்டிவ்ஸ், ரெண்டர் பிரிமிட்டிவ்ஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். நிழலை அணைப்பதற்கு முன்னும் பின்னும் அவற்றைப் பார்த்தால் எவ்வளவு வேலை மிச்சமானது என்பது கண்ணெதிரே தெரியும்.

வேர்ல்ட் ஆப்ஜெக்ட் டென்சிட்டியைக் குறைத்தால், ரூட் ஆசிரியர் அவசியமில்லை என்று குறித்துவைத்த புதர், பெட்டி, நாற்காலி போன்றவை மறையும். சில ரூட்டுகளில் ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்திருப்பார், அங்கே இதைக் குறைத்தும் மாற்றம் இருக்காது. லெவல் ஆஃப் டீடெயில் பயஸை எதிர்மறைக்குத் தள்ளினால், தொலைவிலுள்ள பொருள்கள் எளிய வடிவத்துக்குச் சீக்கிரம் மாறும். அதுவும் அப்படியொரு எளிய வடிவத்தை மாடலில் சேர்த்திருந்தால்தான். 2001-இன் அசல் மாடல்களில் இந்த ஒழுக்கம் இருந்தது. பின்னால் ரசிகர்கள் செய்த அழகான பல எஞ்சின்களில் ஒரே வடிவம்தான், 1 கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் அதன் கைப்பிடிக் கம்பிகள் உட்பட முழுதாக வரையப்படும்.

அதனால் ரயிலின் நீளமும் ஒரு அமைப்புதான். நூறு வேகன் கொண்ட சரக்கு ரயிலை வெளிப்பார்வையில் பார்த்தால் அத்தனை வேகனும் வரையப்பட வேண்டும். 1-ஆம் விசையில் கேபுக்குள், அதாவது ஓட்டுநர் அறைக்குள், இருந்தால் பின்னால் இருப்பவை பார்வையில் விழாது. 2, 3 அழுத்தி வெளியே வந்ததும் பிரேம் சரிவது இதனால்தான். ரயிலைச் சுருக்க வேண்டுமென்றால் டிரெயின்ஸ் கோப்புறைக்குள் கான்சிஸ்ட்ஸ் என்றிருக்கும் இடத்தில் அந்த ரயிலின் கோப்பை நகல் எடுத்து, வேறு பெயர் கொடுத்து, நோட்பேடில் திறந்து, வேகன் என்று தொடங்கும் தொகுதிகளில் சிலவற்றைத் திறப்பு முதல் மூடும் அடைப்புக்குறி வரை முழுமையாக நீக்கலாம். உள்ளே எழுதியிருக்கும் ரயில் பெயரையும் மாற்றினால்தான் பட்டியலில் எது எது என்று தெரியும். சேமிக்கும்போது கவனம் வேண்டும். இந்தக் கோப்புகள் யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் இருப்பவை. வேறு குறியாக்கத்தில் சேமித்தால் பழைய மைக்ரோசாஃப்ட் நிரல் அவற்றைப் படிக்காது.

இவற்றையெல்லாம் தானாகச் செய்யச் சொல்லும் ஒரு தேர்வும் உண்டு. பிரேம் இலக்கைக் கொடுத்தால், நெருக்கடியான இடத்தில் பார்வைத் தூரத்தைச் சுருக்கி, காலியான இடத்தில் நீட்டும். இலக்கு 25 என்று வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஸ்டேஷனை நெருங்கும்போது, அதாவது தூரம் தெரிய வேண்டிய நேரத்தில்தான், அது பார்வையைச் சுருக்குகிறது. நிலையாக 1200 என்று வைப்பதே மேல் என்பது என் கருத்து.

கிராபிக்ஸ், ரேம்

சோதனையில் கிராபிக்ஸ்தான் என்று தெரிந்தால் 1024×576, விளிம்புகளை மென்மையாக்கும் ஆன்டி-அலையசிங் அணைப்பு. அத்துடன் ரேமைப் பாருங்கள். ஹெச்டி 3000-க்குச் சொந்த நினைவகம் கிடையாது, அது சிபியுவோடு ரேமைப் பகிர்கிறது. டிடிஆர்3-1333 ஒரு குச்சி நொடிக்கு ஏறத்தாழ 10.7 ஜிபி தரும், இரண்டு குச்சிகள் இரு சேனலில் ஓடினால் 21.3 ஜிபி. பல லேப்டாப்புகள் 4 ஜிபி ஒற்றைக் குச்சியோடு, ஒரு இடம் காலியாகவே விற்கப்பட்டன. அந்தக் காலி இடத்தில் இன்னொரு 4 ஜிபி போட்டால் ரேமின் அளவும் கிராபிக்ஸின் வழியும் ஒருசேர இரட்டிப்பாகும். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பாகம், பலனோ பெரிது. வாங்கும்போது வோல்டேஜ் பார்க்க வேண்டும். டிடிஆர்3 என்றால் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்றால் 1.35. எல் வகைக் குச்சி பொதுவாக 1.5-இலும் ஓடும், ஆகவே 2011 லேப்டாப்பில் இரண்டும் பொருந்தும். 2013-க்குப் பிந்தைய பல லேப்டாப்புகள் எல் வகையை மட்டுமே ஏற்கும்.

டெக்ஸ்சரின், அதாவது மாடல்களின் மேல் போர்த்தப்படும் படங்களின், எடையும் இங்கே சேர்கிறது. 1024×1024 அளவுப் படம் சுருக்காமல் இருந்தால் நினைவகத்தில் 4 எம்பி, டிஎக்ஸ்டி1 முறையில் சுருக்கினால் அரை எம்பி. டபிள்யூடிஎம்-3ஏ, டபிள்யூஏபி-4 போன்ற நம் எஞ்சின்களை ரசிகர்கள் ஆசையோடு செய்து வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டு ரசிகர் ஆக்கமானாலும் டவுன்லோட் செய்தவுடன் டெக்ஸ்சர் கோப்புகளின் அளவைப் பாருங்கள். ஒரே பெட்டிக்கு 4 எம்பி, 16 எம்பி என்று நின்றால் அவை சுருக்கப்படாதவை. ஏஸ் என்ற இந்த டெக்ஸ்சர் கோப்புகளை மாற்றித்தரும் இலவசக் கருவிகள் உண்டு, அவற்றில் டிஎக்ஸ்டி1-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஜன்னல் போல் ஒளி ஊடுருவும் பகுதி உள்ள படங்களை மட்டும் தொடாதீர்கள், டிஎக்ஸ்டி1-இல் பாதி ஊடுருவல் இல்லை, கண்ணாடி ஒன்று முழுதாக மறையும் அல்லது சுவராகும்.

என்விடியா சிப்பும் சேர்ந்த லேப்டாப்பாக இருந்தால் ஒரு நுணுக்கம். ஓப்பன் ரெயில்ஸ் என்ற கோப்பு வெறும் தொடக்க மெனு. ரயிலை ஓட்டுவது ரன்ஆக்டிவிட்டி என்ற வேறொரு நிரல். உயர் செயல்திறன் கிராபிக்ஸை என்விடியா அமைப்பில் ரன்ஆக்டிவிட்டிக்குத்தான் கொடுக்க வேண்டும். மெனுவுக்குக் கொடுத்துவிட்டு மாற்றமே இல்லையே என்று தேடுவதில் பொழுது போகும். எந்தச் சிப் வேலை செய்கிறது என்பதை டீபக் பக்கத்தில் அடாப்டர் என்ற வரியே சொல்லிவிடும்.

உறைந்து உறைந்து ஓடினால்

இந்த ரூட்டுகளில் பூமி 2048 மீட்டர் சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ரயில் ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முன்னால் உள்ள புதிய சதுரங்களின் பொருள்கள், டெக்ஸ்சர்கள், ஒலிகள் எல்லாம் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் நேராகப் போனால் ஒரு சதுரம் கடக்க 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். 200 கிலோமீட்டரில் 37 நொடி. உங்கள் ரயில் ஏறத்தாழ இந்த இடைவெளியில் உறைகிறது என்றால் காரணம் இதுதான், வேறு தேட வேண்டாம்.

வருபவை பெரிய கோப்புகள் அல்ல, நூற்றுக்கணக்கான குட்டிக் கோப்புகள். 5400 சுற்று டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 11 மில்லிநொடி. தேடிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி, ஊசி நகரும் நேரம் தனி. எனவே ஒரு கோப்பைத் தொடவே 15 மில்லிநொடிக்கு மேல் போய்விடும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு இல்லை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி எதுவானாலும் சரி. பழைய லேப்டாப்பில் சாட்டா என்ற டிஸ்க் இணைப்பின் வேகம் பாதியாக இருந்தாலும் கவலையில்லை, குட்டிக் கோப்பில் அந்த வரம்பை எட்டவே மாட்டோம். எஸ்எஸ்டியின் தடிமன் 7 மில்லிமீட்டர், பழைய டிஸ்க் 9.5. ஆடாமலிருக்கப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று வைக்க வேண்டியிருக்கலாம்.

எஸ்எஸ்டி வாங்க முடியாதவர்கள் ரூட்டை விண்டோஸ் இல்லாத பகுதியில், காலி இடம் நிறைய விட்டு வைத்து, டீஃப்ராக் (சிதறிய கோப்புகளைச் சேர்த்து அடுக்குவது) செய்யலாம். வைரஸ் தடுப்பு நிரல் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது சோதிப்பதால் தாமதம் கூடும். டவுன்லோட் செய்தவற்றை முதலில் முழுதாக ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு அந்தக் கோப்புறைக்கு விலக்கு கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ரூட்டுகளை வைக்காதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் தடை போடும், திருத்திய கோப்பு ஒரு இடத்திலும் படிக்கும் கோப்பு இன்னொரு இடத்திலுமாகக் குழப்பம் வரும்.

டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் ரேம் நிரம்பி, டிஸ்க்கில் ரேமுக்கு மாற்றாக ஒதுக்கிய பேஜ் ஃபைலுக்கு வழிகிறது என்று பொருள். 4 ஜிபியில் விண்டோஸ் 10 தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவது ஏறத்தாழ பாதி. பிரவுசரை மூடுவதே பாதி வைத்தியம். லார்ஜ் அட்ரஸ் அவேர் என்ற தேர்வு உள்ள பதிப்பு என்றால் அது இயங்கிக்கொண்டிருக்கட்டும். அணைத்தால் நிரல் 2 ஜிபிக்கு மேல் எடுக்க முடியாமல் பெரிய ரூட்டில் நடுவழியில் மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொண்டால் டெஸ்க்டாப்பில் ஓப்பன் ரெயில்ஸ் லாக் கோப்பு இருக்கும், அதன் கடைசி வரிகளில் காரணம் கிடைக்கும். எந்தப் படம், எந்த மாடல் காணோம் என்பதும் அதில்தான்.

சூடு

2410எம்-இன் இயல்பு வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 2.9. பத்து வருடத் தூசி விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, விசிறியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். கழற்றியதோடு பழைய தெர்மல் பேஸ்ட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அரிசி அளவு புதிதாக வைத்து, திருகுகளைத் தகட்டில் எழுதியிருக்கும் எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். காற்று அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும், வெப்பத்தை அளந்து காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டினால், பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும். 2.9-க்கும் அதற்கு எவ்வளவோ கீழேயும் ஏறி இறங்குவதைவிட 2.3-இல் அசையாமல் நிற்பதே ரயிலுக்கு நல்லது. டாஸ்க் மேனேஜரில் வேகம் எப்போதும் 0.8 என்றே காட்டினால் அது சூடு அல்ல. பேட்டரி செத்துப்போய், அல்லது மாற்று சார்ஜரை அடையாளம் தெரியாமல், பயாஸ் சிபியுவைப் பூட்டி வைத்திருக்கிறது. சார்ஜர்தான் காரணம் என்றால், சரியான வாட் கொண்டதைப் போட்டால் தீரும்.

எந்த ரூட்டில் தொடங்குவது

மைக்ரோசாஃப்ட் தந்த ஆறு ரூட்டுகளில் ஜப்பானின் ஹிசாட்சு பாதைதான் பழைய லேப்டாப்புக்கு உற்ற துணை. கியூஷூ தீவின் மலைக்குள் ஹிடோயோஷியிலிருந்து யோஷிமட்சு வரை ஒற்றைப் பாதை, குட்டி டீசல் ரயில், சுற்றிலும் காடும் சுரங்கப்பாதையும். ஊர் அடர்த்தி இல்லை, மின்கம்பி இல்லை, வேகமும் குறைவு என்பதால் டிஸ்க்குக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஓகோபாவில் வளையமும் பின்முன்னாக ஏறும் சுவிட்ச்பேக்கும் ஒரே இடத்தில் வரும், ஓட்ட அத்தனை சுவை. 2020 ஜூலை வெள்ளம் குமா ஆற்றங்கரையில் பாதையைச் சிதைத்த பிறகு நிஜத்தில் இந்தப் பகுதியில் ரயில் சேவை நின்றுபோனது. அதனாலேயே இந்த ரூட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்து இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல். 24 வளைவு கொண்ட ரிப்பில்ஹெட் பாலம், புல்வெளி, நீராவி எஞ்சின். அமெரிக்காவின் மரியாஸ் பாஸில் கணவாய் 1,589 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரூட் லேசு, ரயில்தான் நீளம், மேலே சொன்னபடி சுருக்கிக்கொள்ளலாம். ஃபிலடெல்ஃபியா–வாஷிங்டன் வடகிழக்குப் பாதையையும், ஷின்ஜுகுவிலிருந்து கிளம்பும் டோக்கியோ–ஹகோனேயையும் கடைசிக்கு வையுங்கள். நெரிசலான நகரம், மேலே மின்கம்பி, பல தடம், எதிரே வரும் ரயில்கள், போதாததற்கு வடகிழக்குப் பாதையில் அசெலா அதிவேக ரயிலின் வேகம். எல்லாத் தொல்லையும் ஒன்றாக வரும். அங்கே போனால் பார்வைத் தூரம் 1000.

இதுவும் முடியாத இன்னும் எளிய கணினிக்கு ஓப்பன்பிவிஇ இருக்கிறது. ஜப்பானிய பிவிஇ சிமுலேட்டரின் ரூட்டுகளை ஓட்டும் இலவச நிரல், மோனோ வழியாக லினக்ஸிலும் ஓடும். இயல்புப் பார்வைத் தூரமே 600 மீட்டர். இது ரூட்டைச் சதுரம் சதுரமாக எடுப்பதில்லை, தொடக்கத்திலேயே முழு ரூட்டையும் ரேமில் ஏற்றிவிடும். ஏறும் வரை காத்திருக்க வேண்டும். ஏறிவிட்டால் நடுவழியில் டிஸ்க்குக்காக உறைவது மிகக் குறைவு. ஆகவே ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருந்தாலும் ரேம் போதுமான அளவு இருக்கும் லேப்டாப்புக்கு ஓப்பன்பிவிஇ பொருந்தும். எஸ்எஸ்டி இருந்து ரேம் குறைவாக உள்ளதற்கு ஓப்பன் ரெயில்ஸே பொருத்தம்.